சிவப்புப் பொட்டு ஒட்டிய பாஸ்தா

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் முன்னால் ஒரு தட்டு வந்து இறங்கியது.

சோறு இல்லை. குழம்பு இல்லை. குழாய் குழாயாக ஏதோ ஒன்று. அதன் மேல் கருஞ்சிவப்பாக ஒரு சாறு, நடுநடுவே உதிர்த்த கறி, உச்சியில் துருவிய சீஸ்.

"இன்னாங்க இது?"

"இத்தாலி சாசேஜ் பாஸ்தா. ஒயின் சாஸு. இதான் ஃபர்ஸ்ட் பீஸ்... பாத்து சொல்லு" என்றார் எங்கள் வீட்டுக்காரர், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே.

ஃபர்ஸ்ட் பீஸ் என்றால் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். லைனில் புது மாடல் ஓட ஆரம்பிக்கும்போது முதலில் வரும் ஒன்றை எடுத்துப் போய்ச் செக் பண்ணுவார்கள். அது ஓகே ஆனால்தான் மிச்சம் ஓடும். இவர் அரை ஆயுளை மெயின்டெனன்ஸ் ஃபிட்டராகக் கழித்தவர். பேச்சு அப்படித்தான் வரும்.

எனக்கோ... சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த உடம்பு. ரசம் சோறு, ஒரு அப்பளம், அப்புறம் ஃபேனுக்குக் கீழே ஒரு தூக்கம். கடவுளிடம் நான் கேட்டிருந்தது அவ்வளவுதான்.

ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

இனித்தது. இனிப்பென்றால் லேசான இனிப்பு இல்லை. கிராம்பு வாசனை, பட்டை வாசனை, சர்க்கரை. கிறிஸ்துமஸ் கேக்கை இரண்டாகப் பிளந்து நடுவில் சாசேஜை வைத்துக் கடித்தால் எப்படி இருக்கும்? அப்படி.

"எப்படி கீது?"

"நல்லா இருக்கு" என்றேன்.

*

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

ஒரகடத்தில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஒரு கம்பெனியில் நான் செக்கிங்கில் இருக்கிறேன். தையல் விட்டுப் போயிருக்கிறதா, நூல் தொங்குகிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர். குறை இல்லையென்றால் ஓகே முத்திரை. வேலை அவ்வளவுதான். பத்தாவது படித்தவளுக்கு இது போதும் என்று கொடுத்தார்கள். எனக்கும் பேச வேண்டாத வேலை என்பதால் பிடித்துப்போனது. ஸ்டிக்கர் பேசிக்கொள்ளும்.

வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி போன வருஷம் லைனை மூடிவிட்டது. அதற்கப்புறம் ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். "உங்க வயசுக்கு செக்யூரிட்டி வேலைதான் சார் இருக்கு." இவருக்கு மனசு வரவில்லை. "மெஷினத் தொறந்த கைய்யி. கேட்டத் தொறந்துகினு நிக்கச் சொல்றான்" என்றார். அதோடு வீட்டில் அடுப்படிக்குள் போனவர்தான். பெண்ணும் கல்யாணமாகி வாலாஜாபாத் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் சமைப்பார், ஒருத்தி சாப்பிடுவாள்.

செல்போனைப் பார்த்துப் பார்த்து தினம் ஒன்று செய்வார். ஷிப்ட் முடிந்து வருவேன். தட்டு வரும். "எப்படி கீது?" "நல்லா இருக்கு." இப்படியே மாதங்கள் ஓடிவிட்டன.

இந்த நிலைமையில்தான், ஒரகடம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏதோ கம்பெனியில் மெஷின் பொருத்த வந்த இத்தாலிக்காரர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். சமையல்காரர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மோட்டாரைச் சரிசெய்துவிட்டு இவர் சொல்லியிருக்கிறார் – "நான் சமைப்பேன் சார்."

மேனேஜர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர்கள் கேட்கும் ஒரு அயிட்டத்தின் வீடியோவை அனுப்பியிருக்கிறார். சாசேஜ் பாஸ்தா, ஒயின் சாஸ். வியாழக்கிழமை மத்தியானம் ட்ரையல். பிடித்தால் வேலை. இல்லையென்றால் மோட்டாருக்கான கூலியோடு சரி.

அந்த வேலை இவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். ட்ரையல் என்று சொன்ன அன்றைக்கே ஷேவிங் பண்ணிக்கொண்டார். பல மாதங்களாக அவர் முகத்தைத் தாடியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

இதில் ஒரு சிக்கல்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் குடித்தவர். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, இனி அது நாக்கில் படாது, அந்தக் கடை வாசலையும் மிதிப்பதில்லை என்று மாதாவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தார். இன்றுவரை மீறவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் ஜாடியில் பன்னீர் திராட்சை போட்டு, சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்து ஒயின் வைப்பேன். தெருவே குடிக்கும். இவர் மட்டும் கேக்கைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்.

அந்த ஒயினில் ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. ஒயின் சாஸுக்கு ஒயின் வேண்டும். ஒயின் வீட்டில் இருக்கிறது. ஊற்றிவிட்டார். வேறு யார் வீட்டிலாவது இந்தத் தப்பு நடக்குமா?

நடந்தாலும், சமைப்பவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். இவரோ வைக்க மாட்டார்.

"கொதிச்சா அதெல்லாம் போயிடும்னு வீடியோல சொல்றானே" என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"நான் வீடியோக்காரன் கைலயா சத்தியம் பண்ணேன்?" என்றார்.

ஆக, அந்தச் சட்டியில் இருந்ததை ருசி பார்க்க நாக்கு என்று ஒன்று இருந்தால், அது என் நாக்குதான். அந்த நாக்குதான் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருந்தது.

*

திங்கட்கிழமை கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கும் கலைச்செல்வி, நான் முத்திரை போட்டுத் தள்ளிய உறைகளைப் பார்க்காமலேயே பாலிதீனில் போட்டுக்கொண்டிருந்தாள். வடக்குப்பட்டுப் பெண். வாய் கொஞ்சம் நீளம்.

"ஒரு தடவ திருப்பிப் பாத்துட்டுப் போடும்மா" என்றேன்.

"நான் ஏன் க்கா பாக்கணும்? ஸ்டெல்லாக்கா ஓகே போட்டா முடிஞ்சுது. கண்ண மூடிகினு அனுப்பலாம்" என்றாள்.

பாராட்டித்தான் சொன்னாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தட்டு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தால், இவர் மிச்ச ஒயினை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, மூடி போட்டு, டேப் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

"இது எதுக்கு?"

"வியாழக்கெழம எடுத்துகினு போறதுக்கு. அங்கயும் ஒயின் கீதாம். வேணாம்னுட்டேன். ஓகே ஆன மெட்டீரியல மாத்தக் கூடாது" என்றார். ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்தாவில் கொஞ்சம் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மேலே பேப்பர் டேப். அதில் பேனாவால் 'ஓகே சாம்பிள்' என்று எழுதியிருந்தது.

இதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது?

"இனிக்குதுங்க" என்றேன்.

"எது?"

"சாஸு. கேக்கு மாதிரி இருக்கு."

"நேத்து நல்லா இருக்குன்னியே?"

"நேத்தும் இனிச்சுது."

இவர் டேப்பைக் கீழே வைத்தார். "போன மாசம் நூடுல்ஸ் செஞ்சனே?"

"உப்பு..."

"பாவ் பாஜி?"

"லேசா தீஞ்சிருந்துச்சு."

"காளான் சூப்பு?"

நான் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதுவுமா?" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"மொகம் தெரியாத எவனோ உக்காரப் போற சீட்டு. அதச் சுத்திச் சுத்திப் பாத்து ஸ்டிக்கர் ஒட்ற. நான் வைக்கற தட்ட ஒரு நாளும் நீ பாத்ததில்ல ஸ்டெல்லா. கேட்ல ஐடி கார்டு காமிச்சா செக்யூரிட்டி தலையாட்டுவானே... அந்த மாதிரி நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு. வேல போனது கூட எனக்கு அப்படி வலிக்கல, போ."

நான் என்ன சொல்ல? அன்பினால் சொன்னேன் என்றா?

யோசித்துப் பார்த்தால், "நல்லா இருக்கு" என்பதைப் போல வசதியான வார்த்தை தமிழில் வேறு கிடையாது. குழந்தை வரைந்த படத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரியின் புடவைக்கு, ஃபாதரின் பிரசங்கத்துக்கு – எல்லாவற்றுக்கும் அது போதும். சொன்னதும் கேட்டவர் போய்விடுவார். நாம் காலை நீட்டிக்கொள்ளலாம். நாள் முழுக்க நின்று குறை கண்டுபிடித்துக் களைத்தவளுக்கு வீட்டிலும் கண்டுபிடிக்கத் தெம்பில்லை. அந்த அசதிக்குத்தான் நான் அன்பு என்று பெயர் வைத்திருந்தேன். நீங்கள்?

எனக்கு வாயில் எதுவும் வராது. எழுதத்தான் வரும். அப்போது எழுதவும் முடியாதே. அதனால் உள்ளே போனேன். பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றை எடுத்தேன். சிவப்பு. வந்து அந்த 'ஓகே சாம்பிள்' டப்பாவின் மூடிமேல், எழுத்தை மறைத்து அழுத்தி ஒட்டினேன்.

இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சொல்லு. இன்னா இன்னா ஃபால்ட்டு?"

சொன்னேன். இனிப்பு. கிராம்பு. பாஸ்தா குழைந்திருந்தது. கறி வெந்திருந்ததே தவிர வறுபடவில்லை. சொல்லச் சொல்ல இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பல மாதங்களுக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம்.

*

இனிப்பில்லாத ஒயின் வேண்டும். அது கடையில்தான் இருக்கும். இவர் கடை வாசலை மிதிக்க மாட்டார். கெஸ்ட் ஹவுஸில் போய் முன்கூட்டியே கேட்கவும் கௌரவம் விடவில்லை.

"நான் வாங்கியாறேன்" என்றேன்.

"நீயா? பஸ்ல நம்ம ஸ்டாப்பு வந்தா எறங்கணும்னு சொல்ல வாயத் தொறக்க மாட்ட. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வருவ."

உண்மைதான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்ம் மேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒயின்ஷாப் முன்னால் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. முன்னால் நின்ற ஆண்கள் கூட்டம் என்னைப் பார்த்ததும் தானாகவே இரண்டாகப் பிரிந்தது.

"அக்காவுக்கு வழி வுடுப்பா" என்றார் ஒருவர்.

"வூட்டுக்காரரத் தேடறியா க்கா? பேரு சொல்லு, உள்ள போயி பாத்துட்டு வரேன்" என்றார் இன்னொருவர், நிஜமான அக்கறையோடு.

நான் தலையை ஆட்டிவிட்டு, கம்பிக்கு உள்ளே இருந்தவரிடம் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். "ஒயின்... இனிப்பில்லாதது..."

"இன்னாது?"

"ஒயின்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒயினா? ம்மா, இது ஒயின்ஷாப்பு. இங்க ஒயின்லாம் கெடையாது."

சுற்றி நின்றவர்கள் யாருக்கும் இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. தேடித் தருவதாகச் சொன்னவர்தான் வழி சொன்னார். "ஸ்ரீபெரும்புதூர்ல ஏசி கடை ஒண்ணு கீது க்கா. ஃபாரின்காரங்க வர்ற கடை. அங்க கேளு. யாருக்கு, உடம்புக்கா?"

"சமையலுக்கு."

"குடுத்து வெச்ச மனுசன்யா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போனேன். ஏசி கடையில் இருந்தது. கொரியாக்காரர்களுக்காக நடக்கும் ஒரு கடையில் பன்றிக்கறி சாசேஜும் கிடைத்தது. இரண்டையும் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் யார் முகத்தையும் பார்க்காமல் வந்து சேர்ந்தேன். ஸ்டாப் வந்ததும் "இறங்கணும்" என்று சொன்னேன். அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

*

புதன்கிழமை சாயங்காலம் இரண்டாவது பீஸ்.

சாசேஜின் தோலை உரித்து, கறியை உதிர்த்துச் சட்டியில் போட்டார். சோம்பு வாசனை வந்தது. "அவனும் சோம்புதான் போட்றான், பாரேன்" என்றார். நன்றாகச் சிவந்து அடி பிடிக்கும்வரை விட்டார். வெங்காயம், பூண்டு. அப்புறம் ஒயினை ஊற்றும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குப்பென்று ஆவி எழுந்தது. நான் கரண்டியை வாங்கி, அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டினேன். இத்தனை வருஷம் அடிப்பிடித்ததை நார் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். அதுதான் ருசியே என்று வீடியோவில் சொல்கிறார்கள். தக்காளி விழுது, கொஞ்சம் மிளகாய்த்தூள், பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி, கடைசியில் கிரீம்.

மிச்சமிருந்த பாட்டிலை அவரே மூடி இறுக்கி என்னிடம் நீட்டினார். "உன் பீரோல வை. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

தட்டு வந்தது. இந்தத் தடவை உட்கார்ந்து, மென்று, யோசித்துச் சாப்பிட்டேன்.

"புளிக்குது. ஒயின் இன்னும் வத்தணும்" என்றேன். தட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு.

"ரீவொர்க்" என்று சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினார். வந்தது. தட்டில் இருந்த பாஸ்தா அதற்குள் ஊறிவிட்டது. இன்னொரு பொட்டு. புதிதாக வேகவைத்தார். சாசேஜ், தக்காளி, லேசான புளிப்பு, காரம், கிரீமின் வழுவழுப்பு – வயிற்றுக்குள் இறங்கியதும் ஒரு கனம், சூடு. இரண்டாவது வாய் நானாகவே எடுத்தேன்.

இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டைக் காலி செய்தேன்.

"உப்பு மட்டும் நம்ம ஊரு நாக்குக்கு சரியா இருக்கு. அவங்களுக்கு எப்படியோ தெரியல" என்றேன் கடைசியில்.

"அது அவங்க சொல்லட்டும்" என்றார்.

*

வியாழக்கிழமை டீ டைமில் லாக்கரைத் திறந்து போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கலைச்செல்வி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"இன்னாங்க ஆச்சு?"

"சாப்ட்டாங்க. பெரிய இன்ஜினியர் ஒருத்தரு, அப்புறம் ஒரு இன்ஜினியரம்மா."

"இன்னா சொன்னாங்க?"

"அந்தப் பெரியவரு வெரி குட், வெரி குட்னு சொல்லிகினே கை கழுவிட்டுப் போயிட்டாரு."

வெரி குட் என்றால் என்ன என்று எனக்கா தெரியாது?

"அந்தம்மா?"

"அந்தம்மா போகல. கிச்சனுக்குள்ள வந்து நின்னுகிச்சு. உப்பு ஜாஸ்தின்னு விரல்ல காமிச்சுது. பாஸ்தாவ இன்னும் கொஞ்சம் முன்னாடியே எறக்கணுமாம். சீஸு இது இல்லியாம், வேறயாம். மேனேஜர்கிட்ட சொல்லி வாங்கித் தரச் சொல்லுச்சு."

"அய்யோ..."

"இன்னா அய்யோ? நாளைக்கு இன்னா செய்யணும்னும் சொல்லிட்டுதான் போச்சு. காலைலயே வரச் சொல்லிட்டாரு மேனேஜரு."

கலைச்செல்வி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அண்ணே, எங்களுக்கு எப்போ பாஸ்தா?" என்றாள்.

கை கழுவிவிட்டுப் போகிறவருக்கு எல்லாமே வெரி குட்தான். நாளைக்கும் அதே மேஜையில் வந்து உட்காரப் போகிறவர்தான் உப்பைப் பற்றிப் பேசுகிறார்.

நேற்று, முதல் நாள் வேலை முடிந்து களைத்து வந்தவர், எனக்காக ரசம் வைத்தார். ஒரு வாரமாக நான் ஏங்கிக் கிடந்த ரசம். ஒரு வாய் வைத்ததும் பழக்க தோஷத்தில் "நல்..." என்று ஆரம்பித்துவிட்டேன். இவர் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"புளி தூக்கல்" என்றேன்.

கண்ணாடியில் பொட்டு தீரப்போகிறது. இந்த வாரம் பெரிய அட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும்.